கொம்பு சுருளாத கன்று

கிதாபோ சொன்ன முதல் பொய்க்கு நாலு காலும் ஒரு வாலும் உண்டு. அது அவள் வீட்டுக் கொட்டிலில்தான் கட்டிக் கிடந்தது.

மற்றபடி அவள் வாய் நேர்வாய். வடக்கே ஜீந்த் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, முக்காட்டுக்குள் இருந்தபடியே யாரையும் நறுக்கென்று கேட்டுவிடுவாள். மோரில் தண்ணீர் கூடினால், கூடிப்போச்சு என்று சொல்லித்தான் ஊற்றுவாள். அவள் கணவன் தயாகிஷன் நேரெதிர். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லாவிட்டால் அவனுக்கு ஹூக்காப் புகை ருசிக்காது.

அப்போது ஊருக்கே தூஃபான் பைத்தியம் பிடித்திருந்தது. தூஃபான் என்பது எங்கோ ஒரு பண்ணையில் நின்ற, பரிசு வாங்கிய எருமைக்கிடா. சினை ஊசி போட்டால் தூஃபான் ஊசிதான். வேறு போட்டால் கௌரவக் குறைவு. பல வருஷமாக இதே கதை. கன்றுகளெல்லாம் கன்னங்கரேலென்று, ஜிலேபிக் கொம்போடு, ஒரே முகமாகத் திரிந்தன. ஊருக்கென்று நேர்ந்துவிட்ட கிழட்டுக் கிடாவை எவரும் சீந்தவில்லை. அதற்கு ஒரு கொம்பு உடைந்திருந்தது, இன்னொன்று தொங்கியது. வரி வசூலிக்க வரும் ஊர் நம்பர்தார்போல வீடு வீடாக வந்து தீனி வாங்கித் தின்றதால் அதற்கும் நம்பர்தார் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

கோடையில் எருமை பருவத்துக்கு வந்தால் கத்திக் காட்டாது. கிதாபோவின் எருமை பூரியும் ஒரு மத்தியானம் அப்படித்தான் வந்து நின்றது. ஊசி போடுகிறவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். விட்டால் வருஷமே வீண். கிதாபோ பூரியைக் குளத்துக்கு ஓட்டிப் போனாள். குளத்தில் நம்பர்தார் கிடந்தார். சாயங்காலம் தயாகிஷன், "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டபோது, "ஆச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

பிறந்தது கிடாக்கன்று. "தூஃபான் மவன்" என்று தயாகிஷன் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தான். கன்று வளர்ந்தது, கொம்பு மட்டும் சுருளவில்லை. "பெரிய எடத்துப் பிள்ளைக்கு எல்லாம் மெதுவாத்தான் வரும்" என்று அதற்கும் சமாதானம் வைத்திருந்தான்.

இப்படி இருக்கையில் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து டாக்டர் ரேணு வந்தார். நோயை எதிர்க்கும் மரபணுக்கள் எந்தெந்த எருமைக்கு எந்தெந்த வகை என்று பார்க்க, ஊரிலிருந்த இளங்கிடாக்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். கிதாபோ கன்றின் சுருளாத கொம்பையே பார்த்தாள். ரத்தம் அப்பன் பெயரைச் சொல்லிவிடாதா? தயாகிஷன் சவடால்காரன்தான், ஆனால் அவளை ஒருநாளும் கடிந்து பேசாதவன். அவன் ஊர் நடுவே தலை குனிவதை அவளால் தாங்க முடியாது.

முடிவு சொல்ல டாக்டர் திரும்பி வந்த அன்றுதான் நம்பர்தாரை ஏற்றிப்போக வியாபாரியின் லாரியும் குளத்தங்கரைக்கு வந்திருந்தது. கரும்பை மேய்கிறதென்று அதை ஊர்க்கூட்டம் விற்றுத் தள்ளியிருந்தது.

சாவடியில் டாக்டருக்கு உட்காரக்கூடப் பொறுமையில்லை.

"ஒடம்புல நோய் நுழைஞ்சா, 'இதோ திருடன்'னு காட்டிக்குடுக்கிற மரபணு இது. கன்னுக்குத் தாய்கிட்டேருந்து ஒண்ணு, தகப்பன்கிட்டேருந்து ஒண்ணு வரும். தூஃபான்கிட்ட இருக்கிறது ரெண்டே வகை. உங்க ஊர்ல தாய் எருமைங்களே முக்காவாசி அவன் மகளுங்க. அந்த ரெண்டுக்கும் அடையாளம் தெரியாத நோய் வந்தா, ஒரு கொட்டிலும் மிஞ்சாது."

ஆளாளுக்குத் தங்கள் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரே ஒரு கன்னு வேற மாதிரி. தயாகிஷன் அண்ணே, உங்களுது."

தயாகிஷன் மீசையைத் தடவினான். "தூஃபான் மவன்னா சும்மாவா?"

"அது தூஃபான் மகனே இல்லண்ணே. இந்த வகையை நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்ல. இதோட அப்பன் எங்க? உசிரோட இருக்கா?"

பின்னாலிருந்து யாரோ கனைத்தார்கள். "என்ன தயா, உன் வீட்டுல நடக்குறது உனக்கே தெரியாதா?"

தயாகிஷன் முகம் செத்துப்போனது. அதே நேரம் குளத்துப் பக்கம் லாரி உறுமியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பொய் தப்பிக்கும், கிடா போய்விடும். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த கிதாபோ எழுந்துவிட்டாள்.

"நம்பர்தார்தான். நான்தான் ஓட்டிட்டுப் போனேன், இவருக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப நிக்காதீங்க, லாரில ஏத்துறாங்க."

சொல்லிவிட்டு ஓடினாள். மாமனார் எதிரிலேயே முக்காடு நழுவியது. அதைப் பார்க்க யாருக்கு நேரம்? டாக்டர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, அவருக்குப் பின்னால் ஊரே ஓடியது. ஹூக்காவைக் கீழே வைக்க மறந்து தூக்கிக்கொண்டே ஓடியவர்களும் உண்டு.

நம்பர்தாரின் முன்னங்கால் பலகையில் ஏறியிருந்தது. ஆட்கள் கயிற்றை இழுத்தார்கள். கிதாபோ பாய்ந்து கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். கடைசியாக இரைக்க இரைக்க வந்து சேர்ந்தான் தயாகிஷன். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் கிடாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"டேய், கயித்த விடுங்கடா. எங்க வீட்டு மாப்பிள்ளையை இப்படியா இழுப்பீங்க?"

ஊர் கொல்லென்று சிரித்தது. டாக்டர் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கிதாபோவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

சாயங்காலம் ஹூக்காவைச் சுற்றித் தயாகிஷன் குரல்தான். "எல்லாரும் தூஃபான் தூஃபான்னு அலைஞ்சீங்க. நான் அன்னிக்கே இவகிட்ட சொன்னேன், நம்பர்தார்கிட்ட ஓட்டிட்டுப் போடீன்னு."

"அப்படியா மருமகளே?" என்று ஒரு பெரியவர் குறும்பாகக் கேட்டார்.

பூரிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கிதாபோ முக்காட்டைச் சரிசெய்தாள்.

"ஆமா மாமா. இவருதான் சொன்னாரு."

அது அவள் சொன்ன இரண்டாவது பொய்.