பக்ஸ் தாளின் பின்பக்கம்

என் மேசை லாச்சிக்குள் ஒரு கறுப்பு மட்டை கிடக்கிறது. உண்மையில் அது மட்டையல்ல, பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டப்பட்ட ஒரு தாள். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் எக்ஸ்ரே படம் என்று நினைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். எலும்பு ஒன்றும் தெரியாது. ஒரு காலத்தில் அது ஒரு கடிதம். அதை இப்படிக் கரியாக்கிய பெருமை முழுக்க என்னுடையது.

சண்டைக் காலத்தில், கொழும்பில், வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒரு 'கொமினிக்கேஷன்' இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு தொலைபேசிக் கூண்டுகள், தொலைபேசிக் கம்பி வழியே கடிதம் அனுப்பவும் எடுக்கவும் ஒரு பக்ஸ் மெசின், ஒரு போட்டோகொப்பி மெசின், சுவரோரம் நாலு பிளாஸ்டிக் கதிரை. இவ்வளவுதான் கடை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்களுக்கு அதுதான் தபாற்கந்தோர், அதுதான் விமான நிலையத்தின் வாசற்படியும். கனடாவில் பிள்ளை பிறந்த செய்தியும், ஊரில் தகப்பன் செத்த செய்தியும் ஒரே கூண்டுக்குள் போய்த்தான் வெளியே வந்தன. உயர்தரப் பரீட்சை எடுத்துவிட்டுச் சும்மா இருந்த என்னை முதலாளி வேலைக்கு வைத்துக்கொண்டபோது சொன்ன முதல் விதி, வருகிற பக்ஸை வாசிக்கக்கூடாது என்பது. "மேலை இருக்கிற பேரைப் பார், மடி, பெட்டியிலை போடு. சனத்தின்ரை வீட்டு விசயம் எங்களுக்கு என்னத்துக்கு?" மற்ற விதிகளில் எத்தனையோ முறை வழுக்கியிருக்கிறேன். இதை மட்டும் கடைசிவரை காப்பாற்றினேன்.

அந்தக் கடைக்கு ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் வருகிறவர் நேர்ஸ் அக்கா. வடக்கில் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்து, கடற்கரைப் பக்கம் ஒரு லொட்ஜில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரே அறையில் இருந்தார். கணவர் டென்மார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. அவர் கொழும்புக்கு வந்து, பதிவுத் திருமணம் செய்து, மூன்று கிழமை இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர் தங்கியிருந்த வீட்டில் தொலைபேசி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து எங்கள் கடை இலக்கத்துக்கு எடுப்பார். கடிதம் எழுதுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "எழுதச் சொன்னா மனுசனுக்குக் கை நடுங்கும்" என்று அக்கா சிரிப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை எழுதினார். கொழும்பில் தங்குகிற தமிழர் பொலிசில் பதிய வேண்டும், தங்குவதற்குக் காரணமும் காட்ட வேண்டும். காரணம் இல்லாதவர்களை ஊருக்குத் திரும்பச் சொல்வார்கள், சிலரை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டும் போவார்கள். ஊருக்குத் திரும்பினால் கொழும்புக்கு வருகிற பாதை மறுபடி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது, விசா வந்தாலும் போய்ச் சேர முடியாது. அதனால் அவர், 'இவர் என் மனைவி, இவரை இங்கே அழைப்பதற்கு விண்ணப்பித்திருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ரைப் செய்து பக்ஸில் அனுப்பினார். அது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு வந்தது. அக்கா அதைக் கொண்டுபோய்க் காட்ட, பொலிசில் பின்பக்கத்தில் முத்திரை குத்திக் கையொப்பமும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தாள் அவருடைய கைப்பைக்குள் அடையாள அட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அந்த நாட்களில் எங்கள் சனத்துக்கு லமினேற் பைத்தியம் பிடித்திருந்தது. சோதனைச் சாவடிக்குச் சோதனைச் சாவடி எடுத்து நீட்டவேண்டிய தாள்கள் வியர்வையிலும் மழையிலும் நைந்துபோகும். நைந்த தாளைக் கண்டால் ஆமிக்காரனுக்கும் சந்தேகம் வரும். பிறப்புப் பத்திரம், பொலிஸ் பதிவு, பாடசாலைச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்குக்குள் அடைத்தார்கள். ஒருவர் தன் சாதகக் குறிப்பையே கொண்டுவந்தார். முதலாளி புதிதாக வாங்கிய லமினேற் மெசினை இயக்குகிற உரிமை எனக்குக் கிடைத்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. விமானம் ஓட்டுகிறவளுக்குக்கூட அவ்வளவு மிதப்பு இருந்திருக்காது.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அக்கா வந்தார். அடுத்த நாள் பொலிசில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பக்ஸ் தாள் சுருண்டு, மடிப்புகளில் எழுத்து மங்கத் தொடங்கியிருந்தது. "முதல்லை ஒரு கொப்பி எடுப்பமோ?" என்று அவர்தான் கேட்டார். எங்கள் கொப்பி மெசின் பழுதாகிக் கிடந்தது. பக்கத்துக் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "லமினேற் பண்ணினா இனி அழியாது அக்கா. நாளைக்குக் கொப்பி எடுக்கலாம்" என்று சொல்லி, தாளை உறைக்குள் வைத்து நேராக்கி, உருளைக்குள் விட்டேன். ஆங்கில எழுத்துகளுக்குக் கீழே தமிழில் கையால் எழுதிய இரண்டு வரி உள்ளே போவது தெரிந்தது. விதிப்படி நான் அதை வாசிக்கவில்லை.

மறுபக்கத்தால் தார் ரோட்டு வந்தது. நுனி முதல் அடி வரை ஒரே கறுப்பு. பக்ஸ் தாளில் மை கிடையாது, சூடுபட்ட இடம்தான் எழுத்தாகக் கறுக்கிறது என்பதை அந்த நிமிடத்தில்தான் நான் கற்றேன். டென்மார்க்கிலிருந்து வந்ததை ஒரு மெசின் சூட்டால் எழுதியது, இன்னொரு மெசின் அதைச் சூட்டால் மூடிவிட்டது. இரண்டையும் வாங்கி ஒரே மேசையில் வைத்த எங்களுக்கு இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. சுவிட்சைப் போடத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

நான் அழத் தொடங்கினேன். அக்கா அழவில்லை. கதிரையில் இருந்து, மட்டையை மடியில் வைத்து, அது ஆறும்வரை கையால் தடவிக்கொண்டிருந்தார். வேலை செய்கிற இடத்துக்கு எடுத்தால் ஆளைக் கூப்பிட மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வரை கணவரைப் பிடிக்க வழியில்லை. பதிவு வெள்ளியோடு முடிகிறது.

"நீர் ஏன் அழுறீர்? எனக்கு அது சொல்லுக்குச் சொல் பாடம். பேனையை எடும்" என்றார்.

தேதி, அடையாள அட்டை இலக்கம், விலாசம் என்று ஒரு சொல் தடுமாறாமல் ஆங்கிலக் கடிதம் முழுவதையும் சொல்ல, நான் வெள்ளைத் தாளில் எழுதினேன். கையொப்பத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"கீழை தமிழிலை என்னவோ இருந்ததே அக்கா?"

"அது பொலிசுக்கு இல்லை."

அடுத்த நாள் காலை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நானும் அவரோடு பொலிசுக்குப் போனேன். குற்றம் செய்தவள் நான், அவரைத் தனியாகப் போய் நிற்க விடலாமா? வரிசை நகர நகர, நான் எழுதிய தாள் என் கைக்குள் நனைந்துகொண்டிருந்தது. எங்கள் முறை வந்தபோது அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னார். அதிகாரி கறுப்பு மட்டையை வாங்கி, என்னைப் பார்த்து, "மெசின் எரித்துவிட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு அதைத் திருப்பினார். பக்ஸ் தாளின் பின்பக்கம் சூட்டுக்குக் கறுப்பதில்லை. சாம்பல் படிந்த வெள்ளையில் அவர்களுடைய முத்திரையும் கையொப்பமும் அப்படியே இருந்தன. அந்தக் கையொப்பம் அந்த அதிகாரியுடையதுதான். ஒரு தடவை பார்த்தார், பதிவைப் புதுப்பித்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் எழுதிக்கொண்டுபோன தாளை யாரும் கேட்கவேயில்லை.

திரும்பி வரும்போது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பஸ்கள் விரையும் காலி வீதியைக் கடந்து ஒழுங்கைக்குள் இறங்கியதும் அக்கா மட்டையைக் கறுப்புப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பொலிசுக்குப் பின்பக்கம் மட்டும் காணும், என்ன?" என்றார். நான் எரித்தது எது என்று அப்போதுதான் உறைத்தது.

சில மாதங்களில் அவருக்கு விசா கிடைத்தது. போகிற கிழமை கடைக்கு வந்து மட்டையை என்னிடம் தந்தார். "இதை அங்கை கொண்டுபோனா மனுசன் விழுந்து விழுந்து சிரிப்பார். நீர் வைச்சிரும். அடுத்த ஆளுக்குக் காட்ட உதவும்." உதவியது. லமினேற் மெசினுக்கு மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டேன். பக்ஸ் தாளோடு வந்து அடம்பிடித்தவர்களுக்கு அதைக் காட்டினால் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு கைபேசி வந்தது. ஆளுக்கொரு கூண்டு சட்டைப்பைக்குள் வந்தபின் எங்கள் கூண்டுகளுக்குள் யார் வருவார்கள்? முதலாளி கடையை மூடினார். மெசின்களைப் பழைய இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். நான் மட்டையை மட்டும் கழற்றி எடுத்து வந்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருலப்பனையில் என் வீட்டுக் குசினியில் நிற்கும்போது கைபேசியில் வீடியோ அழைப்பு வந்தது. நேர்ஸ் அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. கணவர் காலமான செய்தியை நான் முன்பே அறிந்து அழுதும் கதைத்தும் இருந்தேன். அன்று அவர் கேட்டது வேறு.

"தங்கச்சி, அந்தக் கறுப்பு மட்டை இருக்கோ?"

"ஓம் அக்கா, இருக்கு. ஏன்?"

"அவரின்ரை கையெழுத்து வங்கித் தாளிலை இருக்கு, ஆஸ்பத்திரித் தாளிலை இருக்கு. எனக்கெண்டு எழுதினது வேறை ஒண்டும் இல்லை. எல்லாம் போனிலைதானே கதைச்சது. அனுப்பின மெசேச்சும் பழைய போனோடை போயிட்டுது."

நாளைக்கே தபாலில் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம், இப்போது காட்டினால் போதும் என்றார். லாச்சியிலிருந்து எடுத்துத் துணியால் துடைத்து, கைபேசிக்கு நேரே பிடித்தேன். பின்பக்கத்தை அல்ல, கறுப்புப் பக்கத்தை. திரையின் மூலையில் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது தெரிந்தது.

"கொஞ்சம் மேலை தூக்கும். அடியிலை இருக்கிறது தெரியேல்லை." தூக்கினேன். "ஓம். காணும்."

பிறகு, அந்தக் கரியில் எழுத்துக் கூட்டுகிறவரைப் போல நிதானமாக வாசித்தார்.

"சோறு குழையாமல் வைக்கப் பழகிவிட்டேன். உப்புத்தான் இன்னும் பிடிபடவில்லை, கெதியாய் வாரும்."

என் கை உளைந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றும்வரை நான் மட்டையை இறக்கவில்லை.