கவிழ்த்து வைத்த பாத்திரங்கள்

மழை வந்தால் சந்தோஷப்படுகிற ஊரில் பிறந்தவள் நான். சித்தூருக்குக் கிழக்கே அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும் தென்னையும் இருந்தன. கேரளம் என்று பேர்தான். எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் மேகத்துக்கு மூச்சு வாங்கிவிடும். இரண்டு தூறல் விழுந்தால் போதும், அம்மா வீட்டிலிருக்கிற அண்டா, குண்டா, சருவம் எல்லாவற்றையும் வாசலில் பரப்பிவிடுவாள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டிக்கொடுத்தது சித்திரபுரம் பக்கத்து மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. என் வீட்டுக்காரரும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். தோட்ட ஆபீசில் கிளார்க் வேலை. அந்த மலையில் ஆனி பிறந்துவிட்டால் துணி காயாது, உப்பு நீர்த்துவிடும், தீப்பெட்டி பற்றாது.

ஆபீஸ் முற்றத்தில் மழை அளக்கிற செப்புக் குடுவை ஒன்று இருந்தது. மேலே புனல், உள்ளே ஒரு பாட்டில். தினமும் காலையில் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இத்தனை இஞ்சு, இத்தனை சென்ட் என்று கரும்பலகையில் எழுதுவது அவர் பொறுப்பு. ஓர் இஞ்சில் நூறில் ஒரு பங்குதான் சென்ட், குழாயில் ஒரு கோடு. எங்கள் குவார்ட்டர்ஸ் ஆபீசை ஒட்டியே இருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது.

அந்தப் பலகையை வைத்துத்தான் பஜாரில் பந்தயம் நடந்தது. நாளைக் காலை சென்ட் கணக்கு ஒற்றைப்படையில் முடியுமா, இரட்டைப்படையில் முடியுமா? ஒத்தையா ரெட்டையா, அவ்வளவுதான். சாயங்காலமே டீக்கடைக்காரரிடம் பணம் கட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் அங்கே வேறு என்ன இருக்கிறது? ஃபாக்டரிக்காரர்கள், லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலியாட்கள் எல்லோரும்தான் கட்டினார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரு டீக்காசைக் கட்டுவார்கள், தோற்றால் சிரித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு எழுதாத சட்டம் இருந்தது: அளக்கிறவர் ஆடக்கூடாது. இவர் கை சுத்தம் என்று எல்லோரும் நம்பியதால்தான் அந்த ஆட்டமே நடந்தது. அந்தக் கை சுத்தத்தைச் சொல்லித்தான் இவருக்கு என்னைப் பெண் கேட்டு வந்ததும்.

இவர் திருட்டுத்தனமாக ஆடுகிறார் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. பணத்தை வைத்து நான் கண்டுபிடிக்கவில்லை. மழையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஓட்டின் மேல் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் முற்றத்தில் துணி துவைக்கிற வாளியை எட்டிப் பார்ப்பார். விடியும் நேரத்தில் மழை நின்றுவிட்டால் யாரோ செத்துப்போன மாதிரி உட்கார்ந்திருப்பார். "ஏனுங்க, உடம்புக்கு என்னங்க?" என்றால் எரிந்து விழுவார். ஒரு நாள் ஜெயித்துவிட்டு எனக்குக் கம்பளிச் சட்டை வாங்கிவந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தோற்ற நாட்களைவிட அந்த நாள்தான் எங்களைக் கெடுத்தது என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

லயத்திலிருந்து பால் கொண்டுவருகிற அம்மாள் திருநெல்வேலிப் பக்கம். அவள்தான் ஒரு நாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யம்மா, ஐயா பேரு டீக்கடையில அடிபடுது, தெரியுமா? மறைவாப் பணம் கட்டுதாகளாம். நான் சொன்னேன்னு சொல்லிராதீய."

அன்றைக்கு அவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. உரிமையோடு கோபித்துக்கொண்டார்.

"நான் ஒரு நாளாச்சும் அளவெ மாத்தி எழுதியிருக்கறனா? யாரெ வேணும்னாலும் கேட்டுப்பாரு. அப்புறம் என்ன தப்பு?"

"ஆடறதே தப்பில்லீங்களா?"

"உட்டதெப் புடிச்சுட்டா நிறுத்திப்போடுவேன் அம்மிணி. இந்த மழையோட சரி."

விட்டதைப் பிடிப்பது என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற மந்திரமாகிவிட்டது. யாரிடம் விட்டாரோ அவரிடமிருந்தே பிடிக்க வேண்டுமாம். ஏழு நாள் ஒற்றை வந்தால் எட்டாம் நாள் இரட்டை வந்தே ஆகவேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்துவார். நேற்றுப் பெய்தது இன்றைய மழைக்கு எப்படித் தெரியும் என்று எட்டாவது படித்த நான் கேட்டால் எழுந்து வாளியைப் பார்க்கப் போய்விடுவார். டீக்கடைக்காரரின் பாக்கியை அடைக்க வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். கடன் தீர்ந்தது. அதாவது, புதிதாகக் கடன் வாங்க இடம் பிறந்தது. அதற்குப் பிறகு சண்டை போடவும் எனக்குத் தெம்பில்லை. ஈரத்துணியை அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்திக்கொண்டு, அவர் எப்போது எழுந்து வாளியைப் பார்ப்பார் என்று காத்திருப்பதே என் வேலையாகிப்போனது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கடும் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. காலையில் அளக்கிற நேரம் வந்தது. நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் பாட்டிலையும் கண்ணாடிக் குழாயையும் வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டேன். எனக்கு அளக்கத் தெரியாது; அவர் சொல்லச் சொல்ல, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஊற்றினேன். பெரிய மழை, குழாய் பலமுறை நிறைந்தது. கடைசியாக ஊற்றியதை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொன்னேன். ஒற்றை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எதில் கட்டியிருந்தார் என்று நான் கேட்கவேண்டியதில்லை.

"அம்மிணி" என்றார். "ஒரே ஒரு கோடு. ஜன்னல் வழியா அந்த ஒரு கோட்டெ ஊத்தி உட்டுரு. யாருக்குத் தெரியப்போகுது?"

வளையல் போனபோது எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. என் கல்யாணத்தில் எனக்கென்று இருந்த ஒரே சொத்தான அந்தக் கை சுத்தத்தை இந்த மனுஷர் ஜன்னல் வழியாக ஊற்றச் சொல்கிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. குழாயை அவர் கையில் கொடுத்தேன்.

"என்னால ஆகாதுங்க. வேணுமுன்னா நீங்களே ஊத்துங்க."

வாங்கிக்கொண்டார். குழாயை வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கோட்டைத் தானும் ஒரு முறை பார்த்தார். ஜன்னல் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் ஊற்றிவிடுவார் என்றே நினைத்து நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் குழாயை என்னிடமே நீட்டினார்.

"இருக்கறதெயே எழுதிப்போடு" என்றார். பிறகு, "இன்னொரு நாள் இப்படி வந்துச்சுன்னா ஊத்திப்போடுவேன். எனக்கே தெரியுது. என்னெ நம்பாதே."

அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளிலேயே உண்மையான வார்த்தை அதுதான். இனிமேல் ஆடமாட்டேன் என்று எத்தனையோ சத்தியம் செய்திருக்கிறார், ஒன்றும் நிற்கவில்லை. என்னை நம்பாதே என்றார், அது நின்றது.

காய்ச்சல் விட்டதும் மேனேஜரிடம் போய், அளக்கிற வேலை இனி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, இருந்த காரணத்தையே சொன்னார். ஏச்சு நிறையக் கிடைத்தது, வேலை மட்டும் தப்பியது. அளவை வேறொருவர் பார்த்தார். டீக்கடையில் நாலு பேர் முன்னால் நின்று, நான் வந்து கெஞ்சினாலும் என் பணத்தை வாங்காதீங்க என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டார். அவர்கள் சிரித்தார்கள், இவர் அவமானத்தில் குறுகிப்போய் வந்தார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் என் கையில் கொடுப்பது என்று ஆயிற்று. பாக்கியை இனி நான் ரகசியமாக அடைக்கமாட்டேன், அவரே சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கவேண்டும் என்று நானும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் பந்தயம் கட்டுகிற நேரத்தில் அவர் பஜார் பக்கம் போவதில்லை. அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் பாவம், வெங்காயம் உரித்துக் கொடுப்பார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி போனார். நம் கடைக்காரர் வாங்கவில்லை. ஃபாக்டரியில் ஒருவர் வாங்கினார். வாளியை அவர் எட்டிப் பார்த்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கக்கூட இல்லை, வந்து எதிரில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார். முன்பெல்லாம் பொய்யைப் பிடுங்க மாதக்கணக்கில் ஆகும். இந்தத் தடவை ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற நேரம் ஆனது.

"வாளியெக் கவுத்து வெச்சுரு அம்மிணி" என்றார். "தண்ணி தேங்கறதெப் பார்த்தா எனக்கு மனசு அங்கியே போயிருது."

அன்றிலிருந்து சாயங்காலமானால் முற்றத்தில் இருக்கிற வாளி, சருவம், கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டி உட்பட எல்லாவற்றையும் கவிழ்த்து வைப்பேன். வீட்டில் மழையைப் பற்றிப் பேசக்கூடாது என்றும் ஓர் ஏற்பாடு. அந்த மலையில் இருந்துகொண்டு மழையைப் பற்றிப் பேசாமல் குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் நனைந்துகொண்டு வந்து நிற்பார்கள். நாங்கள் இருவரும் விலைவாசியைப் பற்றிப் பேசுவோம். வருஷங்கள் இப்படிப் போயின. அவர் நன்றாகத்தான் இருந்தார். எனக்குத்தான் ஓயவில்லை. அவர் சும்மா வெளியே பார்த்தாலும் நான் போய் முற்றத்தை ஒரு நடை பார்த்துவிட்டு வருவேன்.

எழுபதுகள் முடியப்போகிற சமயத்தில் ஒரு கோடையில் அவர் லீவு போட்டு, இருவரும் சித்தூருக்குப் போனோம். கிணறு வற்றி, தென்னை மட்டை தொங்கிப்போன வருஷம். போன மூன்றாம் நாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து நல்ல மழை பிடித்தது. அப்பா வரப்பில் நனைந்துகொண்டு நின்றார். அம்மா பழைய வழக்கப்படி பாத்திரங்களை எல்லாம் வாசலில் பரப்பினாள். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன்.

"ஏங்கண்ணு, உனக்கென்ன கிறுக்கா? தண்ணி புடிக்க வெச்சதெக் கவுத்துப் போடறே?" என்று அம்மா கத்தினாள். சருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றேன். அம்மாவுக்கு இத்தனை வருஷமாக ஒன்றும் தெரியாது.

அவர் உள்ளேயிருந்து வந்தார். என் கையிலிருந்து சருவத்தை வாங்கி நிமிர்த்தி வைத்தார். கவிழ்ந்து கிடந்த மற்றவற்றையும் நிமிர்த்தினார்.

"இருக்கட்டும் அம்மிணி, அத்தைக்குத் தண்ணி வேணுமில்ல" என்றார். "நல்ல மழை."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! தலையைத் துவட்டிக்கொண்டு, காப்பி இருக்குதுங்களா அத்தை என்று கேட்டபடியே உள்ளே போய்விட்டார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சருவத்தில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றது நான்தான்.