கிழக்கு மண்டபத்தில் ஏசி

போன மாதம் பாலித் தீவுக்குப் போய் வந்தேன். கடல் பார்க்க அல்ல… வீடு பார்க்க!

என் மனைவியின் தம்பி ஏழுமலைக்குத் திருப்புட்குழியில் பெரிய பூர்வீக வீடு இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்கவும் பட்டுப்புடவை எடுக்கவும் வருகிறவர்கள் தங்க, அதை ஹோம் ஸ்டே ஆக்க வேண்டும் என்பது அவன் ஆசை. "பாலியில இத சூப்பரா பண்றாங்களாம். நேர்ல பாத்துட்டு வந்துடலாம், வாங்க மாமா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

வாயன் என்பவரின் வீட்டில் தங்கினோம். வீடு என்றால் ஒரே கூரை இல்லை. நடுவே முற்றம்; அதைச் சுற்றித் தனித்தனி மண்டபங்கள். சமைக்க ஒன்று, படுக்க ஒன்று. மலை இருக்கும் பக்கத்து மூலையில் குடும்பக் கோயில். எங்களுக்குக் கொடுத்தது கிழக்கு மண்டபம். பழைய மரத்தூண்கள், புல் கூரை… தூண்களுக்கு நடுவே கண்ணாடி, உள்ளே ஏசி, அட்டாச்டு பாத்ரூம். 'பாரம்பரிய அறை' என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் புக் செய்திருந்தோம்.

வாயனின் அப்பா தினமும் காலையில் வந்து, எங்கள் அறையின் வெளித்தூணைத் தொட்டுவிட்டுப் போவார். எங்களைப் பார்த்தால் சிரிப்பார். விருந்தாளிகளை விசாரிக்க வருகிறார் போலிருக்கிறது என்று நானும் சிரித்து வைத்தேன்.

ஒருநாள் ஊர் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பினால்… முற்றம் முழுக்க ஆட்கள். ஸ்கூட்டர் நிறுத்தும் ஷெட்டில் ஒரு மூலையை ஒதுக்கி, பாய் விரித்து, வெள்ளைத் துணி போர்த்தி அந்தப் பெரியவரைக் கிடத்தியிருந்தார்கள். மதியம் தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

வாயன் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். "மன்னிக்கணும் சார். ராத்திரி சாப்பாடு கொஞ்சம் லேட்டாகும். ஏசி நல்லா ஓடுதா?" என்றார், தெரிந்த இங்கிலீஷில்.

அப்பா செத்துக் கிடக்கிறார். மகன் ஏசியை விசாரிக்கிறார்!

"அவரை ஏன் ஷெட்டில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். வாயன் தயங்கினார். அவர் மனைவிதான் சொன்னார். கல்யாணமோ சடங்கோ, அந்த வீட்டில் எல்லாம் கிழக்கு மண்டபத்தில்தான் நடக்குமாம். இறந்தவரைக் கிடத்துவதும் அங்கேதானாம்.

அதாவது, நாங்கள் கால் நீட்டிப் படுத்திருந்த இடத்தில்!

ஏழுமலை என் கையைப் பிடித்து இழுத்தான். "இன்னா மாமா இது? ஊட்டுக்காரரு ஷெட்ல கெடக்குறாரு, நாம ஏசி போட்டுக்கினு படுக்கிறதா? பெட்டிய எடுங்க, காலி பண்ணிடலாம்."

நாங்கள் பெட்டியை எடுக்கப் போவதைப் பார்த்து வாயன் தடுத்தார். "நீங்க போயும் பிரயோஜனம் இல்ல சார். உள்ள டாய்லெட் கட்டிட்டேன். இனிமே அப்பாவ அங்க வைக்க முடியாது. கட்டறப்போ அவர் ஒண்ணுமே சொல்லல…"

சொல்லிவிட்டு ஷெட் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யாரைக் குறை சொல்வது? மண்டபம் வேண்டும் என்று கேட்டது நாம். அதற்குள்ளேயே பாத்ரூமும் வேண்டும் என்று கேட்டதும் நாம்தானே?

ஏழுமலை விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போனான். ஒவ்வொரு ஸ்கூட்டராகத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்த ஆரம்பித்தான். நானும் சேர்ந்துகொண்டேன். கடைசி வண்டியை எடுக்கும்போது வாயன் வந்து இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டார். பெரியவரைச் சுற்றி நாலு பேர் உட்கார இடம் கிடைத்தது. எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் திருப்புட்குழியில் இருந்தபோது, ஏழுமலை வீட்டுக்கு இன்ஜினியர் பிளானோடு வந்தார். கூடத்தைத் தடுத்து ரெண்டு ரூம், ரெண்டு பாத்ரூம்.

"கூடத்துல கை வைக்காதப்பா. எங்கப்பாவ அங்கதான் கெடத்தினோம். அம்மா இன்னும் இருக்குது" என்றான் ஏழுமலை.

"அப்ப ரெண்டு ரூம் போயிடும் சார்…"

"போகட்டும்பா."

மச்சானை நினைத்துப் பெருமையாக இருந்தது. சாயங்காலம் செவிலிமேட்டுக்குத் திரும்பி, எங்கள் அபார்ட்மெண்ட் படிக்கட்டில் ஏறிக்கொண்டே மனைவியிடம் சொன்னேன். அவள் திருப்பத்தில் நின்று, மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க… இதுல ஃப்ரீசர் பாக்ஸ் ஏறுமா?"

ஃபிளாட் வாங்கும்போது சோபா ஏறுமா என்றுதான் பார்த்தோம்!