கிராணி எழுதாமல் விட்ட பெயர்

அலமேலு அக்காளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது. காஜா பேராங் வட்டாரத்தில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தார். ஆஸ்பத்திரி நர்சுகளின் வெள்ளை உடுப்புகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணிப் பிழைத்தார். ஒரே மகள் கோகிலா. கையெழுத்துகூடப் போடத் தெரியாத அந்த மனுஷி, மகளை டாக்டருக்குப் படிக்கவைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஜப்பான்காரன் காலத்தில், கோகிலா கைக்குழந்தையாக இருந்தபோது, அவர்கள் அப்போது இருந்த ரப்பர் தோட்டத்துக்கு ஒரு கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா, பெயரெழுதும் புத்தகத்தோடு வந்தான். "பேரைக் குடு, அரிசி கெடைக்கும்" என்றான். அக்காளின் புருஷன் தம்பிராஜா கொடுத்தார். மூன்றாம் நாள் லாரி வந்தது. ஜப்பான்காரன் ஆள் பிடித்துப் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர் போனவர்தான். இந்தக் கதை எனக்கும் அரசல்புரசலாகத் தெரியும்.

சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், கோகிலாவுக்குப் பதினைந்து வயதானபோது, புத்தகத்தோடு அக்காள் வாசலில் போய் நின்ற அரசாங்கக் கிராணி நான்தான், கணேசமூர்த்தி. மேற்படிப்புக்கு எத்தனை பிள்ளைகள் தேறும், எத்தனை இடம் வேண்டும் என்று மேலே திட்டம் போட்டார்கள். வீடு வீடாக எழுதி வா என்று என்னை அனுப்பினார்கள்.

"படிக்கிற பிள்ள பேரைக் குடுங்கக்கா. நல்லது நடக்கும்."

அட, என் வாயில் வேறு வார்த்தையே வரக்கூடாதா! அவர் முகம் வெளிறிப் போயிற்று.

"இங்க பிள்ளையெல்லாம் ஒன்னும் இல்ல. போங்க."

உள்ளே ஒரு பெண் குரல் ஆங்கிலப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"அப்ப வாசிச்சது யாருக்கா, பேயா?"

அக்காள் இஸ்திரிப் பெட்டியோடு வாசலை மறித்தார். "எம் புருஷனத் தின்னது பத்தலையாடா? ஜப்பான்காரனுக்கு ஆள் புடிச்சுக் குடுத்தவன்தானே நீ!"

நானா? அந்தக் காலத்தில் நானே மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தவன்! தெருவே பார்க்கக் கேட்டதும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா என்று யோசிக்கிற புத்தி எங்கே போயிற்றோ? அழுத்தி எழுதினேன், 'படிக்கும் பிள்ளை இல்லை.' வெறும் எண்ணிக்கைதானே, ஒன்று குறைந்தால் குடியா முழுகிவிடும்?

மறுமாதம் மேலிடத்துக் கடிதம் வந்தது. இந்தப் புத்தகத்தில் பெயருள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே உபகாரச் சம்பளம். பள்ளிக்கூடப் பதிவேடு செல்லாது, புதிதாகச் சேர்க்கவும் கூடாது. வேண்டுமென்றே தப்பாக எழுதினேன் என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, பள்ளியில் முதலாவதாகத் தேறிய மகளோடு அக்காள் எங்கள் ஆபீசுக்கு வந்தார். நான் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் பாசாங்கு பண்ணினேன்.

"பேர் இல்லக்கா."

அக்காள் கத்தவில்லை. "நான் பயத்துல பொய் சொன்னேன். நீங்கதான் அவ வாசிச்சதக் காதால கேட்டீங்களே. நீங்க எதுக்கு ஐயா இல்லன்னு எழுதுனீங்க?"

கோபத்தில் எழுதினேன் என்று சொல்லாமல், புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். கோகிலா அம்மாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள். பல்கலைக்கழக வாசலை அவள் மிதிக்கவேயில்லை.