எட்டு பத்து கனகா

தொழிற்பேட்டை நாற்சந்தியில் இடது பக்கம் திரும்பினால் பீங்கான் கம்பெனி. சூளையின் புகைபோக்கி சந்தியிலிருந்தே தெரியும். கூப்பிட்டால் வாட்ச்மேனுக்குக் கேட்கும். ஆனால் கனகா திரும்பமாட்டாள். புகைபோக்கியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு சைக்கிளை நேரே விடுவாள். கொஞ்ச தூரம் போய் ஒரு வலது. பிறகு இன்னொரு வலது. அப்புறம் மூன்றாவதாக ஒரு வலது. இப்படிச் சுற்றிக்கொண்டு அதே சந்திக்கு, இம்முறை கம்பெனியைப் பார்த்தபடி, வந்து சேர்வாள். சந்தியில் டீ குடிக்கிறவர்களுக்கு அவள்தான் கடிகாரம். முதல் தடவை கடக்கும்போது, "கனகா போவுது, ஒரு டீ போடு" என்பார்கள். இரண்டாம் தடவை, "வந்துடுச்சு, எழுந்திரு" என்று கிளாஸை வைப்பார்கள். இடையில் பத்து நிமிடம்.

கம்பெனி எட்டு மணிக்கு. கனகாவுக்கு மட்டும் எட்டு பத்து. ஐம்பது பேர் வேலை செய்கிற இடத்தில் இப்படி ஒரு சலுகை வேறு யாருக்கும் கிடையாது. சூப்பர்வைசர் தங்கராசு ஐந்து வருடத்துக்கு முன்னால் வாய்வார்த்தையாகச் சொன்னது, அப்படியே நின்றுவிட்டது. பெயரே "எட்டு பத்து" என்றாகிவிட்டது. போன மாதம் வாசலில் விரல் வைக்கிற மிஷின் மாட்டினார்கள். மிஷினுக்கு எட்டு மணிதான் தெரியும். அன்றிலிருந்து கனகாவுக்குத் தூக்கம் சரியில்லை.

வயது நாற்பத்தெட்டு. வேலை, ஊறுகாய் ஜாடிகளுக்குக் கழுத்தில் நீலக்கோடு போடுவது. சின்னச் சக்கரத்தின்மேல் ஜாடியை உட்காரவைத்து, இடது கையால் சக்கரத்தை முன்னால் தள்ளுவாள். வலது கையில் பிரஷ் அசையாமல் நிற்கும். ஜாடி ஒரு சுற்று வந்ததும், கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். "கை நிக்கணும், ஜாடி சுத்தணும். நாம சுத்துனா போச்சு, கோடு எகிறிப்புடும்" என்பாள். சேர்ந்த இடம் தெரியக்கூடாது. தெரிந்தால் அவளுக்கு அன்று சோறு இறங்காது. கல்யாண வீட்டில் காபி கொடுத்தாலும் உடனே குடிக்க மாட்டாள், முதலில் கப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள். "யாரு போட்ட கோடோ, படிக்கட்டு மாதிரி இருக்குது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்ன பிறகுதான் முதல் வாய்.

சைக்கிள் மகள் காவியாவுடையது. பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். ஊரடங்கின் முதல் வருடம் அது வீட்டு வாசலில் பூட்டிக் கிடந்தபோது கனகாவுக்கு அதைத் துடைக்கத் தெரியும், ஓட்டத் தெரியாது. கணவன் லாரி டிரைவர். நாக்பூர் பக்கம் எங்கேயோ லாரியோடு மாட்டிக்கொண்டு, தினமும் போனில் சப்பாத்தியைத் திட்டிக்கொண்டிருந்தான். தெருவில் ஒருவருக்குத் தொற்று வந்து, பிள்ளையார் கோயிலைச் சுற்றியிருந்த நான்கு தெருக்களையும் சவுக்குக் கட்டை வைத்து அடைத்திருந்தார்கள். காலையும் மாலையும் பிளீச்சிங் பவுடர் வாசனை. அந்த நேரத்தில் தங்கராசுவிடமிருந்து போன் வந்தது.

"கனகா, மூணுல ஒரு பங்கு ஆளுங்கள வச்சுக்கிட்டு கம்பெனிய தொறக்கலாம்னு சொல்லிட்டாங்க. பஸ்ஸு கெடையாது, ஷேர் ஆட்டோ கெடையாது. சொந்தமா வண்டி வச்சிருக்கறவங்களத்தான் கூப்புடறேன். ஒன்கிட்ட வண்டி இருக்குதா?"

"சைக்கிள் இருக்குதுங்க."

"ஓட்டுவதான?"

"இது என்னா கேள்விங்க?"

அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பொய் சொன்னதாகக் கனகா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "கேள்விதான கேட்டேன்? பதிலா சொன்னேன்?" என்பாள். ஆனால் போனை வைத்ததும் விரல்விட்டு நாளை எண்ணினாள். கட்டையை எடுக்க இன்னும் ஒன்பது நாள். கம்பெனி திறப்பதும் அன்றைக்குத்தான். அன்று போகாவிட்டால் அவளுடைய ஜன்னலோரச் சக்கரத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

அடைத்த தெருவில் காலை ஆறிலிருந்து ஏழு வரை நடக்க மட்டும் அனுமதி இருந்தது. கட்டையைத் தாண்டக் கூடாது, கும்பல் சேரக் கூடாது. இதற்கெல்லாம் மேற்பார்வை, ரயில்வே ஜங்ஷனில் கார்டாக இருந்து ரிட்டயரான ரத்தினவேல். பழைய விசிலை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். "இங்க பாருங்க, சிங்கிள் லைன்ல ரெண்டு வண்டிய எதிரும் புதிருமா வுட முடியுமா? முடியாது. எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சுத்தணும். மூஞ்சிக்கு மூஞ்சி மூச்சு வுடற வேல வாணாம்." எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் பிள்ளையார் இருக்கிறார். வலமாகத்தான் சுற்ற முடியும்.

அந்த வரிசையில்தான் கனகா சைக்கிள் பழகினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் மிதிக்க, கேரியரைப் பிடித்துக்கொண்டு காவியா ஓடினாள். விசில் அடித்தது.

"ஆறடி! ஆறடி எடைவெளி!"

"ஒரே வூடு தாத்தா! ஒரே பாய்லதான் படுக்கறோம்!"

"அப்பன்னா மாஸ்க்க மேல ஏத்து!"

முதல் நாள் இரண்டு முட்டியும் போயிற்று. மூன்றாம் நாள் காவியா கேரியரை விட்டுவிட்டாள். அது தெரியாமல் கனகா ஒரு தெரு முழுக்க மகளிடம் பேசிக்கொண்டே போனாள். ஓட்ட வந்துவிட்டது. நிறுத்தத்தான் வரவில்லை. பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடுவோம் என்று ஒரு பயம். கோயில் வாசலில் தேங்காய் உடைக்கிற கல் சரியான உயரத்தில் இருந்தது. அதன் பக்கம் வந்து காலை ஊன்றி நின்று பழகிக்கொண்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிள்ளையார் முன்னால் நின்று நின்று போவதைப் பார்த்த தெரு, கனகாவுக்கு இவ்வளவு பக்தி எப்போது வந்தது என்று பேசிக்கொண்டது.

ஒன்பது நாளில் எத்தனை சுற்று என்று அவள் எண்ணவில்லை. ஒன்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்கூட. அத்தனை சுற்றிலும் ஒரே ஒரு தடவைகூட, சும்மா பேருக்குக்கூட, அவள் இடது பக்கம் திரும்பவில்லை.

பத்தாம் நாள் காலை கட்டையை எடுத்தார்கள். டிபன் தூக்கை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, கம்பெனி கொடுத்த அனுமதிக் கடிதத்தை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு கனகா கிளம்பினாள். ஊர் அப்படி ஒரு அமைதியில் அதற்குமுன் இருந்ததில்லை. கரும்பு டிராக்டர் இல்லை, நிலக்கரி லாரி இல்லை. தெருமுனையில் ஒரு வலது, மெயின் ரோட்டில் ஒரு வலது. அதுவரை ராஜபாட்டை. நாற்சந்தி வந்தது. இடது பக்கம் திரும்ப வேண்டும். கை திரும்பவில்லை. ஹேண்டிலை யாரோ வெல்டிங் வைத்ததுபோல் இருந்தது. சைக்கிள் பாட்டுக்கு நேரே போனது.

பதறிப்போய், தெரிந்த ஒரே வித்தையைச் செய்தாள். அடுத்த ரோட்டில் வலது. பிறகு வலது. மறுபடி வலது. நிமிர்ந்து பார்த்தால் அதே நாற்சந்தி, எதிரே புகைபோக்கி! கோடு தொடங்கிய இடத்தில் வந்து முடிந்ததுபோல. அந்தச் சந்தோஷத்தில் சந்தியில் நின்றிருந்த கான்ஸ்டபிள் அனுசியாவை அவள் கவனிக்கவில்லை.

"ஏம்மா! ரெண்டாந்தரம் வர்ற! வண்டிய நிறுத்து!"

நிறுத்துவது எங்கே? கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு தேங்காய்க் கல் இல்லை. "நிறுத்த வரலம்மா! ஒரு சுத்து சுத்திட்டு வரேன்!" என்று கத்திவிட்டு, பழக்கதோஷத்தில் வலது பக்கம் ஒடித்துவிட்டாள். அனுசியா லத்தியோடு நடுரோட்டில் நின்று, தன் சர்வீசில் முதல்முறையாக, ஓடிப்போன குற்றவாளி தானாகத் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள். பத்து நிமிடத்தில் கனகா வந்தாள். தடுப்புக்கு முட்டுக்கொடுத்திருந்த மணல் மூட்டைமேல் காலை ஊன்றி நின்று, கம்பெனிக்குப் போவதாகச் சொன்னாள்.

"மொதத்தரமே பீச்சாங்கைப் பக்கம் திரும்பியிருந்தா கம்பெனி. எதுக்கு ஊரச் சுத்துற? காத்து வாங்கறியா? அந்தப் பக்கம் பாரு, புடிச்ச வண்டிங்க கெடக்குது. ஒன் சைக்கிளும் அங்க போவணுமா?"

வரிசையாகப் பூட்டிக் கிடந்த பைக்குகளைப் பார்த்ததும் கனகாவுக்கு ஜன்னலோரச் சக்கரம் கண்ணில் வந்து நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு சோத்தாங்கைப் பக்கந்தாம்மா திரும்ப வருது. புள்ளையார் கோயில சுத்தியே பழகுனேன்."

"என்னாது?"

கனகா மறுபடி சொன்னாள். அனுசியா கடிதத்தை வாங்கிப் படித்தாள். கனகாவின் முட்டிக் காயத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மாஸ்க் கழுத்துக்கு இறங்கிவிட்டது. "ரெண்டு மாசமா எவ்ளோ கத கேட்டுட்டேன். மருந்து, பாலு, செத்துப்போன சித்தப்பா, ஒருத்தனுக்கு ஒரே சித்தப்பா மூணு தரம் செத்தாரு. நீ பொய் சொல்றதா இருந்தா இதவிட நல்லதா சொல்லியிருப்ப. போ தாயி. நேரா போயி எதுலயாவது முட்டி நில்லு."

கனகா அப்படியே செய்தாள். கம்பெனி கேட்டில் முட்டி நின்றபோது எட்டு இருபது. நெற்றியில் வெப்பமானியைப் பிடித்த தங்கராசு, முழுக்கதையையும் கேட்டார். போலீஸிடம் போன பத்து நிமிடத்தைக் கழித்தார். "மீதி பத்து நிமிஷம் தெனமும் ஆவுமா?" என்றார். "ஆவுங்க" என்றாள். "சரி, எட்டு பத்துக்கு வந்துடு" என்று உள்ளே போய்விட்டார். சக்கரம் ஜன்னலோரத்தில் அவளுக்காகத் தூசியோடு காத்திருந்தது.

அது பழைய கதை. நிறுத்துவதற்கு இப்போது கல் வேண்டியதில்லை. ரோட்டில் டிராக்டரும் லாரியும் நிரம்பிவிட்டன; அவற்றின் நடுவே மூன்று தடவை கையை நீட்டி அவள் வலது பக்கம் ஒடிப்பதைப் பார்க்கிறவர்கள் திட்டுவார்கள். "கைய நீட்டிட்டேன்ல? அதுக்குமேல அவன் பாடு" என்பாள். காவியா புதுச்சேரியில் நர்ஸாகிவிட்டாள். "அம்மா, உலகத்துலயே ஈஸியானது பீச்சாங்கைப் பக்கம் திரும்பறதும்மா. நெசமாவே வரலியா?" என்று போனில் கேட்பாள். "ட்யூட்டிய பாருடி" என்று கனகா வைத்துவிடுவாள்.

அந்த மூன்று ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் ரோட்டில் பேக்கரி. பன் வேகிற வாசனை. இரண்டாவதில் புங்க மரங்கள். மூன்றாவது முழுக்க இறக்கம்; மிதிக்கவே வேண்டாம், பெடலில் காலைச் சும்மா வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் கணவன் இருந்தால் விடிந்ததிலிருந்து கனகா சாவி எங்கே, கனகா சட்டை எங்கே. கம்பெனிக்குள் நுழைந்தால் மண் அரைக்கிற மிஷினின் இரைச்சல். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.

விரல் மிஷின் வந்த பிறகு தங்கராசு ஒரு வழி சொன்னார். "எல்லார் முன்னாடியும் ஒருதரம் பீச்சாங்கைப் பக்கம் திரும்பிக் காட்டு. திரும்பிட்டா நாளையிலேருந்து எட்டு மணி. நெசமாவே வரலன்னா, மொதலாளிகிட்ட பேசி ஒனக்கு மட்டும் மிஷின்ல எட்டு பத்துன்னு போடச் சொல்றேன்."

சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தில் பரீட்சை. ஐம்பது பேரும் கைகழுவாமல் வந்து நின்றார்கள். கனகா ஏறினாள். முற்றத்தின் நடுவே வந்ததும், "திரும்பு! திரும்பு!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் பல்லைக் கடித்து, ஹேண்டிலோடு மல்லுக்கட்டி, "ஐயோ, வரலியே!" என்று அலறினாள். சைக்கிள் நேராகப் போய் மோதியது. முற்றத்தில் உடைந்த ஜாடிக் குவியல் இருந்தது, விறகு அடுக்கு இருந்தது, சாம்பல் மேடு இருந்தது. இத்தனையையும் விட்டுவிட்டு அது ஜாடிகளைப் பொதிய வைத்திருந்த வைக்கோல் போரில் போய் மெத்தென்று செருகியது. தங்கராசு அவள் தலையிலிருந்த வைக்கோலை எடுத்துப்போட்டு, "பாவம், வுடுங்கடா" என்றார். மறுநாள் மிஷினில் எட்டு பத்து ஏறிவிட்டது.

அதற்கு அடுத்த நாள் முகூர்த்த நாள். நாற்சந்தி டீக்கடை பூட்டியிருந்தது, சந்தியில் ஆளில்லை. கனகா வழக்கம்போல் நேரே போக மிதித்தபோது, வலது பக்கச் சந்திலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு குறுக்கே விழுந்தது. சைக்கிள் சட்டென்று இடது பக்கம் வளைந்தது. தடுமாற்றம் இல்லை, முக்கல் முனகல் இல்லை. ஜாடிக் கழுத்தில் கோடு போட்டதுபோல் ஒரு திருப்பம். கம்பெனி ரோட்டில் பத்தடி வந்துதான் பிரேக் பிடித்தாள். எதிரே புகைபோக்கி. மணி எட்டுக்கு ஒரு நிமிடம் இருந்தது.

கனகா கேட்டைப் பார்த்தாள். வாட்ச்மேன் அந்தப் பக்கம் திரும்பிப் பல் விளக்கிக்கொண்டிருந்தான். டீக்கடையைப் பார்த்தாள். பூட்டு. ஆட்டுக்குட்டி மட்டும் நடுரோட்டில் நின்று அவளையே பார்த்தது. சத்தம் வராமல் இறங்கினாள். சைக்கிளைப் பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு சந்திக்குப் போனாள். ஆட்டுக்குட்டியைப் பார்த்து உதட்டின்மேல் ஒரு விரலை வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, பேக்கரி இருக்கிற பக்கமாக நேரே மிதித்தாள்.