எங்கள் வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை

பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட மகளைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் கணினி மையத்துக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. பெயர், பிறந்த தேதி, பள்ளி, மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்த அங்கிருந்த அம்மா, ஓரிடத்தில் நிறுத்தி, "முதல் பட்டதாரி சலுகை உண்டாம்மா?" என்றார். குடும்பத்தில் அதுவரை யாரும் டிகிரி வாங்கியிருக்காவிட்டால், முதலில் படிக்கப் போகும் பிள்ளைக்கு அரசாங்கம் கல்விக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும் சலுகை அது. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள்.

"இல்லக்கா. எங்கப்பா பி.ஏ."

சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்த அம்மா 'இல்லை' என்ற கட்டத்தை அமுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் நான் பி.ஏ. இல்லை.

மூன்று வருஷம் கல்லூரிக்குப் போனது நிஜம். பொருளாதாரம் படித்தேன். முடித்தபோது ஆங்கிலத்தில் இரண்டு தாள் நின்றுவிட்டது. மறுபடி எழுதினேன், மறுபடி நின்றது. அதற்குப் பிறகு பணம் கட்டினேன், பரீட்சைக்குப் போகவில்லை. அதற்கும் பிறகு பணமும் கட்டவில்லை. எங்கள் பக்கம் கல்லூரி வாசலை மூன்று வருஷம் மிதித்தவன் எல்லோரும் பட்டதாரிதான், மார்க் ஷீட்டைக் காட்டு என்று எவரும் கேட்பதில்லை. என் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்தில் உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் என்ன போடட்டும் என்று அச்சகக்காரர் கேட்டார். என் அண்ணன் "பி.ஏ. போடுங்க" என்றான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதன்பிறகு அந்த இரண்டு எழுத்து என்னைக் கேட்காமலே எல்லா இடத்திலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. கோவில் கொடை விழாவுக்கு வைத்த பேனரில் பி.ஏ. வீடு கட்டியபோது வாசல் கிரானைட்டில் பி.ஏ. நான் வேலை பார்க்கிற விதை, பூச்சிமருந்துக் கடைக்குத் திருவேங்கடத்திலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் வரும் சம்சாரிகள், மருந்து வாங்கிய கையோடு பயிர்க் காப்பீட்டு ஃபாரத்தையும் என்னிடம் நீட்டி, "பி.ஏ. அண்ணாச்சி, இதக் கொஞ்சம் நிரப்பிக் குடுங்க" என்பார்கள். நானும் நிரப்பிக் கொடுப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

விண்ணப்பத்தில் திருத்தம் இருந்தால் செய்ய ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மகளுக்கு வேறொரு சலுகை கிடைத்திருக்கும். பி.ஏ. படித்தவன் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்புவானா என்று, கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் சேர்த்தவனும் நான்தான். இப்போது கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றியது. ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எல்லாவற்றையும் செய்து பார்ப்பது என்று கிளம்பினேன்.

சனிக்கிழமை வங்கிக்குப் போனேன். பூட்டியிருந்தது. இரண்டாவது சனிக்கிழமை என்பதுகூட நினைவில் இல்லை. திங்கட்கிழமை திரும்பப் போனேன். கல்விக் கடன் உண்டு, ஆனால் சீட்டு உறுதியானபிறகு வாருங்கள், இப்போது வந்து என்ன செய்ய என்றார் மேலாளர். கடை முதலாளி சம்பளத்தில் கழித்துக்கொள்வதாகச் சொல்லிக் கொஞ்சம் தர ஒப்புக்கொண்டார். அது விடுதிக்கே காணாது. மொபெட்டை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் சாலையில் பாதி தூரம் போவேன், யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாமல் திரும்பி வருவேன். கடையில் ஒரு சம்சாரிக்கு மக்காச்சோளப் புழுவுக்கான மருந்துக்குப் பதில் களைக்கொல்லியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் பார்த்துச் சொன்னதால் பயிர் பிழைத்தது.

திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி இரண்டு வளையலைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். ராயகிரியில் அவள் அப்பா போட்டு அனுப்பியது. வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்து, எங்கள் செலவில் பாதியைத் தாங்குகிறவள் அவள்.

"எதுக்குப் பரக்கப் பரக்க அலையுதிய? இத வச்சு முதல்ல சீட்டப் போடுங்க. மத்தத பொறவு பாப்போம்" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் வளையலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அடகுக் கடை வாசல் வரை போனேன். ஏறவில்லை. அதே வளையலைச் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்து, "வேற ஏற்பாடு பண்ணுதேன்" என்றேன். அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, உடனே வெளியே போய்விட்டேன்.

அந்த வேறு ஏற்பாடு, ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு தரும் ஓர் அறக்கட்டளை. யாரோ கடையில் சொன்னது. செவ்வாய்க்கிழமை மகளும் நானும் பஸ் பிடித்துப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த மூத்த அம்மா நல்ல மாதிரி. மகளின் மதிப்பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் கேட்டார்.

"அப்பா என்ன படிச்சிருக்காங்க?"

"பி.ஏ. எகனாமிக்ஸ் மேடம்" என்றாள் மகள்.

அவர் பேனாவை மூடினார். "எங்க வீட்ல நான்தான் முதல்ல படிக்கப் போறேன்னு வர்ற பிள்ளைங்களே நிறைய இருக்காங்கம்மா. அவங்களுக்குக் குடுத்து மிச்சம் இருந்தா கூப்பிடுறோம். உனக்குப் படிச்ச அப்பா இருக்காரு, எப்படியும் வழி பண்ணிருவாரு" என்றார். பிள்ளைக்கு வர வேண்டியதை அவள் வாயாலேயே நான் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறேன். இது தெரிந்தும் வாயைத் திறக்காமல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் மகள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"பரவாயில்லப்பா. இங்கன பக்கத்துலயே ஏதாவது டிகிரி சேந்துக்கிடுதேன். பி.ஏ. படிச்சும் நீங்க இப்படி அலையுதியளேன்னுதான் கஷ்டமா இருக்கு."

புதன்கிழமை காலை கடை திறக்கும் முன்னாலேயே நான் கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸில் நின்றேன். அவர் இளவயதுக்காரர், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம் இருக்கும். சிட்டா, அடங்கல் என்று கடைச் சம்சாரிகளுக்காக நான் போய் வந்த பழக்கம் உண்டு. விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"நான் என்ன பண்ணுனேன்?"

"ஒங்க வீட்டு வாசல்லயே பி.ஏ.ன்னு கல்லுல வெட்டி வச்சிருக்கு. ஊருக்குள்ள எவர்ட்டக் கேட்டாலும் பி.ஏ. அண்ணாச்சின்னுதான் சொல்லுதாவ. இப்பம் ஃபீசுக்காகப் படிக்கலன்னா, நான் எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு எவனாவது பெட்டிசன் போட்டா எனக்கு வேலை போயிரும்."

நான் பொய் சொன்னபோது ஊரே நம்பியது. வாழ்க்கையில் முதன்முதலாக அந்த விஷயத்தில் உண்மையைச் சொல்கிறேன், மோசடிக்காரன் என்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

"ஃபெயிலு தம்பி. ரெண்டு பேப்பர் நிக்கி. நான் டிகிரி வாங்கவே இல்ல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். பட்டாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் கடை வாடிக்கையாளர்.

அலுவலர் குரலைத் தணித்துக்கொண்டார். "அப்பம் மார்க் ஷீட்டக் கொண்டாங்க. காலேஜ் டி.சி.யும் வேணும். குடும்பத்துல யாரும் பட்டதாரி இல்லன்னு உறுதிமொழி எழுதி நீங்களும் ஒங்க வீட்டம்மாவும் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. நான் இன்னைக்கே அனுப்பி விடுதேன்."

மார்க் ஷீட் வீட்டில் இல்லை. கல்யாணம் ஆன வாரமே அதைக் கடைக்குக் கொண்டுபோய், என் மேசையின் கீழ் அறையில், பழைய விதைக் கம்பெனி விலைப்பட்டியல்களுக்கு அடியில் வைத்திருந்தேன். அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு நடந்தேன். மொபெட் இருந்தது, ஆனாலும் நடந்தேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்றிருந்தது.

என் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். தாளை மெஷின்மேல் வைத்தேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு எடுத்து வாசித்தாள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். நான் என்ன ஏது என்று முழுவதும் சொன்னேன், உறுதிமொழித் தாளையும் நீட்டினேன்.

"வளையலக் கழட்டி வச்சேன். அப்பமும் சொல்லல நீங்க" என்றாள்.

"தப்புதான்."

"அந்தப் பிள்ள ஒங்க பேரச் சொல்லி அங்கன போயி அவமானப்பட்டுட்டு வந்துருக்கு. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கிய."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அதோடு என்னிடம் பேச்சு நின்றது.

மகளிடம் அன்று சாயங்காலம் நானே சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. பிறகு, "அப்ப நானும் ரெண்டு பேப்பர் விட்டா நீங்க ஒண்ணும் கேக்க முடியாது" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் சிரித்தேன், கண் கலங்கிவிட்டது.

சான்றிதழ் வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. கணினி மையத்துக்கு ஓடினேன். அதே அம்மாதான், 'இல்லை' என்றிருந்ததை 'ஆம்' என்று மாற்றினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கலந்தாய்வில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம் கழிந்தது. விடுதிக்கும் மற்றதற்கும் முதலாளி தந்ததும் வங்கிக் கடனுமாகச் சமாளித்தோம். வளையல் மனைவியின் கையிலேயே இருந்தது.

இத்தனை நாளும் அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். சாப்பாடு எடுத்துவைத்தாச்சு, கரண்ட் பில் வந்திருக்கு, அவ்வளவுதான். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரெல்லாம் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர்களோடு போய்விட்டு வந்தாள், என்னைக் கூப்பிடவில்லை. திட்டினால் வாங்கிக்கொண்டு ஒரு ஓரமாக இருந்திருப்பேன். திட்டாததால் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருந்தேன். சொன்னது தப்போ என்றுகூட ஒருநாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே வெறுப்பு வந்தது.

மகளை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். மானூர் தாண்டி, தேவர்குளமும் தாண்டியது. இரண்டு பக்கமும் மழைக்குக் காத்துக் காய்ந்து கிடந்தது நிலம்.

"எத்தனை மார்க்கு?" என்றாள் திடீரென்று, வெளியே பார்த்தபடி.

"எதுல?"

"அந்த ரெண்டு இங்கிலீஷ் பேப்பர்ல."

"தாள்ல பாத்தியே. ஒண்ணுல இருபத்தெட்டு, ஒண்ணுல முப்பத்தொண்ணு."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டாவதுல எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு. காலேஜுக்குப் போவேன்னு மூணு நாளு சாப்பிடாமக் கெடந்தேன். மாப்பிள்ள பி.ஏ. படிச்சிருக்காவ, வீட்டுக்கு ஒரு டிகிரி போதும்னு எங்கய்யா சொல்லிட்டாவ. நானும் சரின்னுட்டேன்."

இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவள் எவ்வளவு மார்க் வாங்கினாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவன், என் வீட்டு ஃபாரங்களை ஒருமுறைகூட அவளிடம் கொடுத்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். மன்னிச்சிரு என்பது அந்த இடத்தில் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"நீங்க என்னட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுத்திருப்பேன்" என்றாள். "பாஸ் ஆயிருப்பிய."