உறவினர் என்ற கட்டம்

பணி விதிப்படி பிணவறை எழுத்தர் படிவம் நிரப்புபவர்; யார் உறவினர் என்று தீர்மானிப்பது அவர் வேலையல்ல. அதை விதியே தீர்மானித்துவிட்டது: இரத்தத்தாலோ திருமணத்தாலோ இணைந்தவரே உறவினர். வரையறை கச்சிதமானது. அதில் அடங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, இறந்தவரின் கைக்கடிகாரம் எங்கே என்று கேட்பார்கள்.

அதனால் எழுத்தர் இருபது வருடங்களில் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருந்தார். உறவென்றால் இறந்தவரின் செருப்பு அளவு தெரியும். அவருடைய பிடிவாதம் தெரியும். திட்டிக்கொண்டே அழ வரும். மூன்றில் இரண்டு இருந்தால் போதும்.

ஒரு நாள் ஒரு தச்சர் வந்தார். உள்ளே கிடந்த பெயின்டரோடு பதினெட்டு வருடம் ஒரே அறையில் வசித்தவர். மாலைக்குள் யாரும் வாங்காவிட்டால் அந்த உடல் அநாதைக் குழிக்குப் போய்விடும்.

“அவருக்கு நீங்க என்ன உறவு?”

“சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லைங்க. ஒரே ரூமு.”

“அவரு செருப்பு என்ன சைஸ்?”

“எட்டு. ஆனா ஏழே போதும்னு வாங்கிட்டு வருஷம் பூரா நொண்டுவான். சொன்னா கேக்க மாட்டான், பன்னாடை. நெஞ்சு வலிக்குதுன்னுகூட எங்கிட்ட சொல்லல பாருங்க.” தச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

“அண்ணே, விதிப்படி இவரு யாருமே இல்லையே,” என்றார் பிணவறை உதவியாளர்.

“விதிப்படி யாரு இருக்காங்களோ, அவங்கள வரச் சொல்லுப்பா.”

எழுத்தர் உறவுமுறைக் கட்டத்தில் ‘தம்பி’ என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, உடலைத் தச்சரிடம் ஒப்படைத்தார்.